அழுங்கு : வாழ்வும் காப்பும்

முன்னுரை

காட்டுயிர் என்றதும் யானையும் புலியும் மயிலுமே நம் நினைவில் தோன்றுகின்றன. இரவில் வெளிப்பட்டு விடியுமுன் வளைக்குள் மறையும் சிற்றுயிர்கள் நம் கண்ணில் படுவதில்லை. ஆதலின் அவை அழிவதும் நமக்குத் தெரிவதில்லை. அத்தகைய உயிர்களுள் ஒன்று அழுங்கு. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், மலைச்சரிவும் புதர்க்காடும் வயலும் தோப்பும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் வாழ்வோர் இவ்வுயிரைப் பற்றி அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதன் இயல்பையும், அதற்கு நேர்ந்துள்ள இடரையும், நம் கடமையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயரும் பொருளும்

அழுங்கு, நல்லங்கு, எறும்புத்தின்னி எனப் பல பெயர்கள் இதற்கு உண்டு. உடும்புப்பிடி என்பது போல அழுங்குப்பிடி என்னும் வழக்கும் தமிழில் உள்ளது. விட்டுக்கொடாத இறுகிய பிடியை அது குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பாங்கோலின்’ என்னும் பெயர், ‘சுருண்டுகொள்வது’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டு அழுங்கின் அறிவியற்பெயர் ‘மேனிஸ் கிராசிகாடேட்டா’ என்பதாகும். இதன் பிற்பகுதிக்குத் ‘தடித்த வால் உடையது’ என்பது பொருள். வாலும் பிடியும் சுருளும் இதன் பெயர்களிலேயே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

ஆர்மடில்லோவும் அழுங்கும்

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஆர்மடில்லோவையும் அழுங்கையும் ஒரே இனமெனக் கருதுவோர் உளர். இரண்டும் கவசம் பூண்டவை. மண்ணைத் தோண்டிப் பூச்சிகளைத் தின்பவை. எனினும் இரண்டும் வெவ்வேறு குலத்தைச் சார்ந்தவை. ஆர்மடில்லோவின் கவசம் தோலுள் விளைந்த எலும்புத் தகடுகளால் ஆனது. அதற்குப் பற்களும் உண்டு. அழுங்கின் செதில்களோ நம் நகமும் மயிரும் ஆகிய அதே கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. அதற்குப் பற்களே இல்லை. உறவின்முறையில் அழுங்கு, பூனை நாய் முதலிய ஊனுண்ணிகளுக்கே நெருங்கியது. ஒத்த வாழ்க்கை, உறவில்லா உயிர்களுக்கும் ஒத்த வடிவைத் தரும் என்பதற்கு இவை தக்க சான்று எனலாம்.

உடலமைப்பும் வாழ்வும்

உலகில் நெடுங்காலமாக எட்டு வகை அழுங்குகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கு ஆசியாவிலும் நான்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்வன. நம் அழுங்கு இந்தியாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. பொதுவாக 10 முதல் 16 கிலோ வரை எடை உடையது. முன்னங்கால்களின் வளைந்த வலிய நகங்களால் கறையான் புற்றைப் பிளந்து, பசையுள்ள நீண்ட நாவினை உள்ளே செலுத்தி உண்கிறது. அந்நாவின் வேர் வாயுடன் முடியாது, மார்புக்கூட்டின் ஆழம்வரை செல்கிறது. மெல்லுதற்குப் பல் இன்மையால், உணவுடன் விழுங்கிய சிறு கற்களே இரைப்பையில் அம்மிபோல் நின்று அரைத்துக் கொடுக்கின்றன.

பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே பிறக்கிறது. தாய் அதனைத் தன் வாலின்மீது ஏற்றிச் செல்லும். பகை கண்டால் குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு தன்னுடலையே அதற்குக் கோட்டையாக்கும். கறையானும் எறும்பும் பெருகாமல் காப்பதோடு, மண்ணைக் கிளறி நிலத்திற்கும் நலம் செய்கிறது. உழவனுக்குக் கூலி கேளாத துணைவன் இது.

காவலே கேடாதல்

அழுங்கு எதிர்த்துக் கடிப்பதில்லை, விரைந்து ஓடுவதுமில்லை. பந்தாகச் சுருண்டு அசைவற்றுக் கிடப்பதே அதன் பெருங்காவல். சிறுத்தையின் பல்லும் அச்சுருளை எளிதில் விரிக்க இயலாது. ஆனால் மனிதனுக்கு அதை விரிக்க வேண்டிய தேவையே இல்லை. இரு கைகளால் தூக்கிச் சாக்கில் இட்டால் போதும். விலங்குகளிடமிருந்து காத்த அதே இயல்பு மனிதனிடம் சிக்கவைக்கிறது. இதுவே அழுங்கின் அவலம்.

செதிலில் மருந்து உண்டென்னும் நம்பிக்கையும், இறைச்சியின்மீதுள்ள ஆசையுமே வேட்டைக்குக் காரணங்கள். நகத்தை அரைத்து உண்பதால் நோய் தீருமெனில் நம் விரல் நுனியிலேயே மருந்தகம் இருந்திருக்கும்! 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுகளில் இந்தியாவில் கள்ள வாணிகத்தில் சிக்கியவை 1,203 அழுங்குகள் எனக் காட்டுயிர் வாணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு கணித்தது. பிடிபடாதவை இக்கணக்கில் அடங்கா. ஈற்றுக்கு ஒரு குட்டி ஈனும் உயிர் இவ்விழப்பை எங்ஙனம் ஈடு செய்யும்?

சட்டமும் காப்பும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அழுங்கை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. இதனை வேட்டையாடுவோர்க்கு மூன்று முதல் ஏழாண்டு வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. 2016இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, எட்டு வகை அழுங்குகளின் பன்னாட்டு வாணிகத்தையும் தடை செய்ய முடிவெடுத்தது. 2020இல் சீன அரசின் மருந்து நூலும் அழுங்குச் செதிலைத் தன் மூலப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குக்காட்சிச் சாலையில் இவ்வினத்தைப் பெருக்கும் பணி நடைபெறுகிறது.

நம் மாவட்டத்திலும் நம்பிக்கை தரும் முன்மாதிரி ஒன்று உண்டு. 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு, கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரவில் உலவும் சிற்றுயிர் ஒன்றிற்காகவே ஒரு காட்டைக் காக்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

முடிவுரை

அழுங்குதல் என்னும் வினைக்கு அஞ்சுதல், கெடுதல், இரங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. அஞ்சிச் சுருள்வது அவ்வுயிரின் இயல்பு. அது கெடாமல் காப்பதும் இரங்குவதும் நம் கடன். ஊருக்குள் அழுங்கு வந்துவிட்டால் கூட்டம் கூடாமல், நாய்களை விலக்கி, வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். புற்றையும் வளையையும் சிதைக்காதிருத்தல் வேண்டும். செதிலோ இறைச்சியோ விலைக்கு வருமாயின் மறுத்தல் வேண்டும். வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை. முதியோர் தம் இளமையில் கண்ட அழுங்கைப் பற்றிப் பேரர்க்குச் சொல்லட்டும். மாணவர் அதனைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அழுங்குப்பிடி என்னும் சொல் மட்டும் அகராதியில் நிலைத்து, அழுங்கு மண்ணிலிருந்து மறையும் நிலை வாராமல் காப்போமாக!