மாகாண சபையிடம் கேள்வி கேட்டல்

குளத்தின் துருசு பழுதானால் யாரைக் கேட்பது? வயற்காணி இன்னமும் முட்கம்பிக்குள் இருந்தால் யாரைக் கேட்பது? இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் இக்கேள்விகள் அன்றாடம் எழுகின்றன. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று தெரியாவிட்டால் கேள்வி கந்தோருக்குக் கந்தோர் அலையும்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் சில பொறுப்புகளை மாகாணத்துக்குக் கொடுத்தது. சிலவற்றை மத்திய அரசிடமே வைத்துக்கொண்டது. விவசாய விரிவாக்கமும், இரணைமடு போன்று மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனத் திட்டங்களும் மாகாணத்துக்குரியவை. சிறு குளங்களைப் பார்க்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களமோ மத்தியினுடையது. காடும் பாதுகாப்பும் அவ்வாறே. அதனாற்றான் 2017 இல் கேப்பாபுலவு மக்கள் தம் காணிக்காக வீதியோரம் அமர்ந்தபோது, வட மாகாண சபை இயங்கிக்கொண்டிருந்தும், அக்காணிக்குப் பதில் சொல்லவேண்டிய மாகாண அமைச்சர் எவரும் இருக்கவில்லை.

அச்சபைக்கு 2013 செப்டெம்பர் 21 இல் தேர்தல் நடந்தது. 38 உறுப்பினர்களில் கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6 ஆசனங்கள். ஆக, எமது மூன்று மாவட்டங்களுக்கும் 15 பேர்.

சட்டசபைகளில் வினா கேட்பதற்கு ஒரு முறையுண்டு. உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுப்பார். அமைச்சர் தமது திணைக்களத்திடம் விவரம் பெற்றுச் சபையில் பதிலளிப்பார். பதில் போதாவிட்டால் உப வினா எழுப்பலாம். சொன்னதெல்லாம் பதிவேட்டில் நிற்கும். அடுத்த ஆண்டு அதையே எடுத்துக் காட்டிக் கேட்கலாம். ஸ்கொட்லாந்தில் 1999 இல் பாராளுமன்றம் அமைந்தது. அங்கே முதலமைச்சர் வியாழக்கிழமைகளில் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு முகங்கொடுக்கிறார்.

எமது சபை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. அவற்றுட் சில வரலாற்று முக்கியத்துவம் உடையவை; மறுக்கவில்லை. ஆயினும் கொழும்புக்கு அனுப்பும் தீர்மானத்துக்கு அச்சபையில் எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை. வினாவுக்கோ, எதிரே அமர்ந்திருக்கும் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகள் விசாரணைக்குழு வரை சென்று, 2017 ஜூனில் இருவர் பதவி விலகினர். தட்டிக் கேட்டால் அசையும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த விவகாரம் கட்சிப் பூசலாக மாறியதில் வயலும் குளமும் பின்தள்ளப்பட்டன என்பதே எமது எண்ணம்.

"விவசாயிகளை ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்டால், "கவனிக்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "இந்த வாய்க்காலின் திருத்தத்துக்கு இவ்வாண்டு ஒதுக்கிய பணம் எவ்வளவு? செலவானது எவ்வளவு? காலபோகத்துக்கு முன் வேலை முடியுமா?" என்று கேட்டால் நழுவ இடமில்லை. இத்தகைய கேள்வியை உறுப்பினர் தாமாக அறியமாட்டார். கமக்காரர் அமைப்புத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபர் 24 இல் முடிந்தது. பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. நிருவாகம் ஆளுநரிடம் சென்றது. திணைக்களங்கள் இயங்கின, ஆனால் கேள்வி கேட்கச் சபை இல்லை. இவ்வாறான காலத்தில் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். மாகாணத் திணைக்களங்களையும் அது கட்டுப்படுத்தும். மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.