மஞ்சள் குடும்பமும் ஒரு குரலும்

நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறது தொல்காப்பியம். பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டபோது தாமே நகுதல் என அதனை இருவகைப்படுத்துவார் உரையாசிரியர் பேராசிரியர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒளிபரப்பாகிவரும் 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் அசைவூட்ட நகைச்சுவைத் தொடரில் இவ்விரண்டையும் காணலாம்.

மாட் கிரெய்னிங் உருவாக்கிய இத்தொடர், 1987இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வந்த சிறு துணுக்குகளாகத் தொடங்கி, 1989 டிசம்பரில் அரைமணி நேரத் தொடராயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை ஊரில் வாழும் மஞ்சள் நிறக் குடும்பத்தின் கதை இது. அணுமின் நிலையத்தில் பணிபுரியும் சோம்பேறித் தந்தை ஹோமர், பொறுமைமிக்க தாய் மார்ஜ், குறும்பன் பார்ட், அறிவுக்கூர்மையுடைய லிசா, கைக்குழந்தை மேகி ஆகியோர் அக்குடும்பத்தினர். 1992இல் அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போலன்றி, 1930களின் பெருமந்தக் காலத்தைச் சித்திரித்த பழைய தொடரொன்றின் வால்ட்டன் குடும்பத்தைப் போல விளங்கவேண்டும் என்று பேசினார். மூன்றே நாளில் தொடர் விடையிறுத்தது. தாங்களும் வால்ட்டன்களைப் போலவே மந்தநிலை நீங்க வேண்டிக்கொண்டிருப்பதாகக் கூறினான் பார்ட்! ஹோமர் எரிச்சலில் எழுப்பும் 'டோ' என்னும் ஒலி, 2001இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ஏறியது.

தன்னைத்தானே எள்ளி நகைத்த இத்தொடர் பிறரையும் எள்ளியது. ஊர்க் கடைக்காரர் அபு, இந்தியாவிலிருந்து குடியேறியவர். சத்யஜித் ரேயின் புகழ்பெற்ற திரைப்படங்களின் நாயகன் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; லிசா புலால் மறுத்தபோது அவளுக்கு அறிவுரை கூறித் தெளிவித்தவர். தொடரின் பண்பட்ட மாந்தருள் ஒருவர் என்றே சொல்லலாம். எனினும் பார்வையாளர் நினைவில் நின்றது அவரது பேச்சொலியே. அவ்வொலியும் இந்தியருடையதன்று, ஹாங்க் அசாரியா என்னும் வெள்ளையின நடிகர் மிகைப்படுத்திப் பேசியது.

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தியரைக் காண்பது அரிது. ஆகவே பள்ளிகளில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைக் கேலிசெய்ய அபுவின் பெயரும் குரலும் பயன்பட்டன. அப்பிள்ளைகளுள் ஒருவராக நியூயார்க்கில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, 2017இல் இதுபற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவர் தொடரை வெறுத்தவர் அல்லர். அதனை விரும்பிப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய வினாவுக்கு வலிமை தந்தது அதுவே.

2018இல் தொடர் தந்த மறுமொழி ஏமாற்றமளித்தது. முன்பு கைதட்டல் பெற்றது இன்று குற்றமாகிவிட்டதே, என்ன செய்வது என்னும் பொருள்பட லிசாவைப் பேசவைத்தனர். நியாயத்தின் பக்கம் நிற்பவளாகவே படைக்கப்பட்ட லிசாவின் வாயில் அச்சொற்கள் பொருந்தவில்லை. நடிகரோ செவிசாய்த்தார். இனி அபுவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று 2020இல் அறிவித்த அசாரியா, மறு ஆண்டு வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அதன்பின் அபு சில காட்சிகளில் தோன்றினாலும் பேசுவதில்லை.