பிளேன்ரீக்குப் போட்ட கோடுகள்

களுவாஞ்சிக்குடி,
மழை விட்ட மூன்றாம் நாள்.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. முற்றத்தில் மட்டும் கால் வைக்கலாம்.

உன் போன் தண்ணீரில் விழுந்து, எட்டு மாதமாக அது எண்ணி வைத்திருந்த நடையும் நித்திரையும் அழிந்துபோனதென்று அம்மாவிடம் சொல்லி அழாக்குறையாக இருந்தாயாம். அவளுக்கு அது விளங்கவில்லை. “நடந்தது நடந்ததுதானே, அது எங்க போகும்?” என்று என்னிடம் வந்து கேட்டாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை. ஆனால் எனக்கு உன் கவலை விளங்கியது. நாற்பது வருடத்துக்கு மேலாகக் கொப்பியில் எழுதி வருகிறவன் நான். போன விடுமுறைக்கு வந்தபோது அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு மாமா?” என்று சிரித்தாய். அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, “ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்ரீ குடிப்பீங்க?” என்று கேட்டது. “மூணு” என்றேன். பொய் சொல்லவில்லை, மூன்று என்றுதான் நம்பியிருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகத்தில், கலண்டரின் ஓரத்தில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். முதல் நாள் ஏழு கோடு. அடுத்த நாளும் ஏழு. விடிய ஒன்று, பேப்பரோடு ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று, வயலால் வந்து ஒன்று என்று அது தன்பாட்டில் ஏறியிருக்கிறது. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. பதினான்கு கரண்டி விழுங்கிவிட்டு ஆறு என்று கணக்குச் சொல்லியிருக்கிறேன். மாமி பக்கத்தில் நின்று, “நான் சொன்னா நம்பமாட்டீங்க, கோடு சொன்னா நம்புவீங்க” என்றாள். அது உண்மைதான்.

நம்முடைய ஞாபகம் நமக்கு வேண்டப்பட்ட ஆள், மகன். நம்மைக் காட்டிக்கொடுக்காது. கொப்பிக்கு அந்த உறவு கிடையாது.

வயல் விஷயமும் அப்படித்தான். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு வந்த பெரும்போகத்தில் வட்டை முழுக்க ஒரே பேச்சு, “வெள்ளாமை பாதியாப் போச்சு” என்று. நானும் அதையே சொல்லித் திரிந்தேன். பிறகு கொப்பியை எடுத்து முந்திய ஐந்து போகத்து மூடைக்கணக்கோடு வைத்துப் பார்த்தேன். என் வயலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. அதிலும் ஒரு துண்டில் நான் விதைத்ததே இருபது நாள் பிந்தி. அந்தத் துண்டின் நட்டத்தை முழுக்க உரத்தின் தலையில் போட முடியாது. இதை வாசிகசாலையடியில் சொல்லப் போய் ஒருவரும் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. சரியான கணக்கு வைத்திருப்பவனுக்குச் சிநேகிதர் குறைவு, அதையும் தெரிந்துகொள்.

இப்படிக் குறித்து வைப்பது என்னோடு தொடங்கியதில்லை. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் 12 தொகுதியாக அது அச்சானது. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று, தமிழ்த் தேதியும் ஐரோப்பியத் தேதியும் சேர்த்து எழுதிக்கொண்டே போவார். அவருக்குக் கவர்னர் மாளிகை இருந்தது, நமக்குத் தேத்தண்ணிக் கோப்பைதானே என்று நினைக்காதே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மண்டூர்ப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளியிட்டபோது, அதில் இருந்த பேச்சும் வழக்கமும் நம்மூர்ச் சனத்துக்குப் புதினமில்லை. எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலேயே எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு உனக்கு அது கிடைத்திராது.

இனி உன் போனைப் பற்றி. பத்தாயிரம் அடி நடந்தால் அதில் பட்டாசு வெடிக்கிறதென்று காட்டினாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு சின்னக் கொப்பியில் பதின்மூன்று நற்குணங்களுக்குக் கட்டம் கீறி வைத்திருந்தார். அவர் கறுப்புப் புள்ளி வைத்தது தவறிய நாளுக்கு. ஒழுங்கு என்ற குணம்தான் தன்னை அதிகம் பாடாய்ப் படுத்தியதென்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். நான் ஒருமுறை விடிய நாலரைக்கு எழும்புவதாக முடிவெடுத்து, எழும்பிய நாளுக்கெல்லாம் சரி அடையாளம் போட்டு வந்தேன். மூன்றாம் கிழமை, முதல் நாள் இரவே சரி போட்டுவிட்டுப் படுத்தேன். கொப்பிக்கே பொய் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பெருமைக்கு எழுதினால் அப்படித்தான் முடியும். ஆனபடியால் செய்ய நினைத்ததை எழுதாதே. செய்ததை எழுது. செய்யாததையும் எழுது.

அந்தச் ‘செய்யாததை’ப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீ பிறப்பதற்கு முந்திய யுத்த காலம். நமது வயல் படுவான்கரையில், வீடு எழுவான்கரையில். இடையில் ஆறும், ஆற்றைவிட அகலமான சோதனைச் சாவடியும். அப்போது சட்டைப்பையில் ஒரு பெயர் எழுதிய துண்டு இருந்தாலே ஆபத்து. எத்தனையோ வீடுகளில் டயறிகளைக் குசினி அடுப்பில் போட்டார்கள். உன் அம்மப்பாவின் கடிதக்கட்டும் அப்படித்தான் போனது. நான் எழுதுவதை நிறுத்தவில்லை, ஆட்களை எழுதுவதை நிறுத்தினேன். மழை, வெயில், மீன் விலை, வயலுக்குப் போனது, போகாதது, அவ்வளவுதான். இப்போது அந்தக் கொப்பியைத் திறந்தால் ஓரிடத்தில் பதினொரு நாளுக்கு ஒரே வரி: ‘வயலுக்குப் போகவில்லை.’ வாசிக்கிற எவருக்கும் அது ஒரு சோம்பேறியின் கணக்கு. எனக்கு அந்தப் பதினொரு நாளும் எது எதுவென்று தெரியும். பன்னிரண்டாம் நாள், ‘குருமண்வெளிப் பாதையில் போனேன். களை மண்டிவிட்டது. தண்ணீர் கட்டினேன்’ என்று இருக்கிறது. நான் என்ன பயந்தேன், எப்படி அழுதேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் இன்று அதை வாசிக்க எனக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அதனால் மனசில் பட்டதையெல்லாம் கொட்டாதே. நேரம், தொகை, இடம், மழை இருந்தால் போதும். மற்றவர்களின் அந்தரங்கத்தை எழுதாதே, அது உன் சொத்தில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் நினைத்து நிரப்பாதே, வெறுமையாக விடு. சுனாமிக்கு மூன்று நாள் கழித்து உட்கார்ந்து 26ஆம் திகதியை நான் நிரப்பினேன். அன்று காலை வீட்டில் இடியப்பம் என்று எழுதியிருக்கிறேன். உன் அம்மா இன்றைக்கும் பிட்டு என்றுதான் சத்தியம் பண்ணுகிறாள். 25ஆம் திகதியின் பக்கம் அன்றிரவே எழுதியது, அதை அவளும் மறுப்பதில்லை.

2022இல் பெற்றோல் மே மாதம் 420 ரூபாய், ஜூன் கடைசியில் 470 என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பேப்பரிலும் கிடைக்கும். பெற்றோல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் குடையில் பாதியை எனக்குத் தந்தார் என்பது என்னுடைய கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது எண்ணுவதை எண்ணட்டும். நீ தூங்கியது ஐந்து மணித்தியாலம் என்று அது சொல்லும். பக்கத்து அறைப் பொடியனுக்குக் காய்ச்சல் என்று நீ விழித்திருந்ததை நீதான் எழுதவேண்டும்.

நாளைக்குக் காலை கண்டி பஸ்ஸில் நம்மூர்ப் பொடியன் ஒருவனிடம் இரண்டு சீ.ஆர். கொப்பி தந்துவிடுகிறேன். அம்மா பொரிவிளாங்காய் உருட்டிக்கொண்டிருக்கிறாள், அதுவும் வரும். பொதி உன் கைக்கு வந்த நேரத்தை முதல் பக்கத்தில் எழுதி, எனக்கும் சொல்லு. பஸ் இங்கே வெளிக்கிடுகிற நேரத்தை நான் குறித்து வைப்பேன்.

இப்படிக்கு,
அன்பு மாமா