ஆயில் அளவு ஏன் மாறி மாறிக் காட்டுகிறது?

கேள்வி: என்னுடையது பத்து வருடப் பழைய ஸ்பிளெண்டர். தினமும் கறம்பக்குடியிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வீட்டு வாசலில் சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஆயில் பார்த்தால், மூடியோடு இருக்கும் குச்சியின் நுனியில் மட்டும் ஒட்டுகிறது. பெட்ரோல் பங்கில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூடியை முழுவதும் திருகி, பிறகு கழற்றிப் பார்த்தால் மேல் கோடுவரை இருக்கிறது. குறைந்துவிட்டதோ என்று பயந்து 100 மில்லி ஊற்றிவிட்டேன். எந்த அளவு சரி? கூடிவிட்டால் கெடுதலா?
— வாசகர், கறம்பக்குடி

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு அளவுமே தவறு. ஆயில் மூடி இன்ஜினின் வலப்பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கி, குச்சியில் குறைவாகக் காட்டும். பங்கில் நேர்மாறு. மூடியைத் திருகினால் குச்சி மரையின் உயரம் அளவுக்குக் கூடுதலாக உள்ளே இறங்கும். இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். இரண்டில் இதுதான் ஆபத்தானது. ஸ்பிளெண்டரில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கிடையாது. குச்சியை நம்பித்தான் இருக்கிறோம்.

சரியான முறை இது. சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். செம்மண் வாசலில் ஸ்டாண்டின் ஒரு கால் புதைந்தாலே வண்டி சாயும். ரோட்டோரமும் சரிவாகத்தான் இருக்கும். சிமென்ட் தரை நல்லது. இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். மேலே கேம், வால்வுப் பக்கம் ஏறிய ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மூடியைக் கழற்றி, குச்சியைச் சுத்தமான துணியால் துடைத்து, திருகாமல் துளையின் மேல் உட்காரவைத்து எடுங்கள். ஈரம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். ஆயில் மாற்றிய அன்றும் இன்ஜினை ஓட்டிய பிறகே அளவு பாருங்கள். புது ஆயில் உள்வழிகளை நிரப்பியதும் மட்டம் சற்று இறங்கும்.

உங்கள் 100 மில்லி விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறையில் பார்த்து, மேல் கோட்டைத் தாண்டாவிட்டால் கவலை வேண்டாம். தாண்டியிருந்தால் ட்ரெயின் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். அதிக ஆயிலை கிராங்க் அடித்துக் கலக்கி நுரையாக்கும். நுரைத்த ஆயில் மசகாகாது. உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியாகவும் ஏர் ஃபில்டர் பக்கமும் ஆயில் கசியும். இனி ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடையிடையே அளவு பாருங்கள்.

ஊற்றும் ஆயிலும் முக்கியம். பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். உரசலைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிளேட் வழுக்கும். உங்கள் வண்டிக்கு 10டபிள்யூ-30 கிரேடு. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். எம்பி என்றிருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது.

நிறம் கறுத்ததை வைத்து மட்டும் ஆயில் கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அழுக்கைத் தாங்கி வைத்திருப்பதும் அதன் வேலைதான். பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவு தானாகக் கூடி பெட்ரோல் வாசமும் அடித்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பல்சர், ராயல் என்ஃபீல்டு வண்டிகள் பலவற்றில் குச்சிக்குப் பதில் கண்ணாடி வட்டம் இருக்கும். அதையும் வண்டியை நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். குச்சியைத் திருகுவதா வேண்டாமா என்பதில் அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே முடிவு.

தினமும் ஓடும் பழைய வண்டி என்பதால் வாரம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால், ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். கசிவோ, பிஸ்டன் ரிங் தேய்மானமோ இருக்கும், உடனே சரிசெய்துவிடுங்கள்.