ஸ்பார்க் மெஷினில் எத்தனை ஆம்பியர்? எந்த எலக்ட்ரோடு?

பழனி அடிவாரத்தில் விற்கும் பஞ்சாமிர்த டப்பாவைப் போன்ற ஒன்றுக்கு மூடி அச்சு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூடியில் எழுத்து புடைத்து நிற்க வேண்டுமானால், அச்சின் எஃகில் அது குழிந்திருக்க வேண்டும். அந்தக் குழிவில் கட்டர் நுழையாத மூலைகளைச் செதுக்குவது ஸ்பார்க் மெஷின் எனும் இடிஎம். மெஷின் 50 ஆம்பியர் தரும் என்பதற்காக 50 வைக்கக்கூடாது. எலக்ட்ரோடின் பரப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வைக்க வேண்டும்.

1. எலக்ட்ரோடின் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எழுத்து, லோகோ போன்ற நுண்ணிய வேலைக்கும் வழவழப்பான பரப்புக்கும் காப்பர் நல்லது. ஆழமான ரிப்புக்கும் பெரிய குழிக்கும் கிராஃபைட். அது எடை குறைவு. மில்லிங்கில் பிசிறு விடாது. மெல்லிய தகடாகச் செய்தாலும் காப்பரைப்போல வளையாது. மலிவான பெருமணி கிராஃபைட்டில் ஓரம் உதிரும். மெல்லிய வேலைக்கு 5 மைக்ரான் அல்லது அதற்கும் நுண்ணிய மணி உள்ளதை வாங்குங்கள். கார்பைடில் இறக்க காப்பர் டங்ஸ்டன். விலை அதிகம், ஆனால் மூலை குறைவாகவே தேயும்.

2. பரப்பை அளந்து ஆம்பியரைக் கணக்கிடுங்கள்

ஒரு சதுர செ.மீ.க்கு 10 ஆம்பியர் என்பது பொதுவான உச்சவரம்பு. எலக்ட்ரோடு கட்டையின் முழு முகத்தை அளக்காதீர்கள். ஸ்பார்க் ஆகும் பகுதி மட்டுமே கணக்கு. 1 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீளமுள்ள ரிப்பின் பரப்பு 0.4 சதுர செ.மீ.; எனவே 4 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது.

எழுத்துகளின் கோடுகள் சேர்ந்து 2 சதுர செ.மீ. வந்தால் கணக்குப்படி 20 ஆம்பியர் வைக்கலாம். ஆனால் கரண்ட் கூடக்கூடப் பள்ளம் பெரிதாகும், மூலை மழுங்கும். எழுத்துக்குள் பாலிஷ் போடவும் இடமில்லை. 3 முதல் 6 ஆம்பியரே போதும்.

குவிந்த மூடி வடிவத்தை எலக்ட்ரோடாலேயே இறக்கினால், முதலில் நடுப்பகுதி மட்டுமே தொடும். குறைந்த கரண்டில் தொடங்கி, பரப்பு விரிய விரிய ஏற்றுங்கள்.

3. போலாரிட்டி, ஆன் டைம்

எஃகில் காப்பர் என்றால் எலக்ட்ரோடு பாசிட்டிவ். ஆன் டைமை, அதாவது ஒவ்வொரு பொறியும் நீடிக்கும் நேரத்தை, நீட்டினால் தேய்மானம் குறையும், பரப்பு சொரசொரப்பாகும். கிராஃபைட்டை நெகட்டிவில் ஓட்டினால் வேகம் கூடும், தேய்மானமும் கூடும். கார்பைடில் காப்பர் டங்ஸ்டன் நெகட்டிவாக இருக்கட்டும்.

4. அளவைக் குறையுங்கள்

எலக்ட்ரோடைச் சுற்றி ஸ்பார்க் கேப் இருப்பதால் குழி சற்றுப் பெரிதாகவே வரும். தேர்ந்தெடுத்த கரண்டுக்கு மெஷின் அட்டவணை காட்டும் கேப்பைப் பக்கத்துக்குப் பக்கம் கழித்து எலக்ட்ரோடைச் செய்யுங்கள். ரஃபிங்குக்கும் ஃபினிஷிங்குக்கும் தனித்தனி எலக்ட்ரோடு வையுங்கள். அச்சில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். எலக்ட்ரோடில் நேராகவே இருக்க வேண்டும்.

5. ஓடும்போது கவனியுங்கள்

ஆழம் கூடினால் கழிவு வெளியேறாது. ஃப்ளஷிங்கைச் சீராக்கி, எலக்ட்ரோடு அடிக்கடி மேலெழும்படி ஜம்ப் வையுங்கள். பொறி பரவலாக இல்லாமல் ஒரே இடத்தில் நின்று எரிந்தால் அது ஆர்க்கிங்: நிறுத்தி, கரி படிந்த இடத்தைத் துடைத்து, ஆஃப் டைமைக் கூட்டுங்கள் அல்லது கரண்டைக் குறையுங்கள்.

ஸ்பார்க் ஆகும் இடத்துக்கு மேல் குறைந்தது 40 மி.மீ. எண்ணெய் நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பிடிக்கும். இடிஎம் எண்ணெயே பாதுகாப்பு. ஆளில்லாமல் ஓட விடாதீர்கள். கிராஃபைட் அறுக்கும் இடத்தில் தூசி உறிஞ்சி அவசியம். அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கன்ட்ரோல் பேனலுக்குள் போனால் மெஷினே பழுதாகும்.