ஆபரேஷன் முடிந்ததும் நடுக்கமா? கூச்சப்படாமல் சொல்லுங்கள்

இந்த மாதப் பாடம் உடம்பு நடுக்கம் பற்றி. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தவர்களும் காத்திருப்பவர்களும் அவசியம் படிக்கவும். (இலங்கையில் இருந்து வந்தவர்கள் சத்திரசிகிச்சை என்பதும் இதைத்தான்.)

ரங்கூன் தாமுவேயில் இருந்து வந்த ஒரு பெரியவருக்கு இங்கே லண்டனில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. வார்டுக்குக் கொண்டுவந்த போது பல்லெல்லாம் கிடுகிடு என்று அடித்தது, கட்டிலே ஆடியது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி "ஐயோ, ஜன்னி கண்டுடுச்சு" என்று அழுதுவிட்டார். அவரோ நர்ஸைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். நம்ம ஆட்களில் பலர் இப்படித்தான்.

அது ஜன்னி இல்லை. நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி. குளிர் அடித்தால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி அந்தச் சூட்டைக் காப்பாற்றும். மயக்க மருந்து கொடுத்ததும் குழாய்கள் விரிந்துவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவி வெளியே போய்விடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே 1 முதல் 1.5 டிகிரி வரை குறையலாம். மருந்து தெளிந்ததும் மூளை விழித்துக்கொண்டு, தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்கப் பார்க்கிறது. அதுதான் நடுக்கம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தாலும் வரும். சிசேரியன் ஆகும் தாய்மாரில் சுமார் பாதிப் பேருக்கு வருகிறது.

பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனாலும் நடுங்கும் உடம்பு இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் ஆக்சிஜன் கேட்கும். இருதய நோய் உள்ளவர்களுக்கு அது பாரம். தையல் போட்ட இடமும் இழுத்து வலிக்கும். உடம்பு குளிர்ந்து கிடந்தால் புண்ணில் கிருமி பிடிப்பதும் அதிகம். 1996-ல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வில், குடல் ஆபரேஷன் ஆன 200 பேரில், சூடாக வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கும் மற்றவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் புண்ணில் கிருமி பிடித்தது.

அதனால்தான் இங்கிலாந்தில் 'நைஸ்' என்ற அமைப்பு 2008-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. உங்கள் சூடு 36 டிகிரிக்குக் கீழே இருந்தால், அவசர ஆபரேஷன் தவிர, சூடேற்றிய பிறகே தொடங்க வேண்டும். அரை மணிக்கு மேல் நீளும் ஆபரேஷனுக்குச் சூடு காற்று ஊதும் போர்வை போட வேண்டும். ஆகவே போர்வை கேட்பது தொந்தரவு இல்லை. அதற்குத் தனியாகக் காசும் வாங்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வீட்டை விடக் குளிராக இருக்கும். டிரெஸிங் கவுன், உள் பனியன், சாக்ஸ், வீட்டுச் செருப்பு கொண்டு போங்கள். கைலியோடு தாமுவே வெயிலில் திரிந்தவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியும். இருக்கட்டும், கொண்டு போங்கள். வாரக் காசில் புதிது வாங்க வேண்டாம், சாரிட்டி கடையில் மலிவாகக் கிடைக்கும். தலைக்குக் குளித்தால் முடியை நன்றாகக் காய வைத்துவிட்டுப் போங்கள்.

காத்திருக்கும் அறையிலேயே குளிர்ந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். "ஐ ஆம் வெரி கோல்ட். பிளாங்கெட் பிளீஸ்." இதை நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதுவும் இலவசம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பார்க்கப் போகும் உறவினர்களுக்கு ஒன்று: பாசத்தில் வெந்நீர்ப் பையை வைத்துவிடாதீர்கள். முதுகில் ஊசி போட்டவருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, தோல் வெந்தாலும் தெரியாது. தைலமும் தேய்க்க வேண்டாம். நர்ஸைக் கூப்பிடுங்கள். சூடேற்றியும் நிற்காவிட்டால் டாக்டர் மருந்து கொடுப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் நடுக்கம் வேறு விஷயம். காய்ச்சலோடு நடுங்கினால், புண் சிவந்து சீழ் வடிந்தால், பிள்ளை பெற்றவளுக்கு நாற்றத்தோடு ரத்தம் போனால், கிருமி பிடித்திருக்கலாம். நம் பாட்டிமார் ஜன்னி என்று பயந்தது இதைத்தான். கஷாயம் போட்டுக் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 111-க்குப் போன் செய்து "தமில் இன்டர்பிரட்டர்" என்று சொல்லுங்கள், ஆளை இணைப்பார்கள். பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, தோல் நீலம் பாய்ந்தாலோ 999.