பொருளாளர் பொறுப்பேற்கும் இளையோருக்கு

அமெரிக்காவில் பிள்ளைகளுக்குத் தோராவும் எபிரேயமும் சொல்லித்தரும் சிறு யூதக் கல்வி அமைப்புகளின் கணக்கைப் பார்க்க முன்வந்திருக்கும் இளையோரே, வேலையில் இறங்குமுன் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. தனியாகப் பணத்தைத் தொடாதீர்கள். தர்மப் பணம் தண்ட இருவர், பங்கிட மூவர் என்பது தல்மூது வகுத்த முறை. வகுப்பறையிலிருக்கும் 'புஷ்கே' உண்டியலைத் திறந்தால் ஒருவர் எண்ணட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும். தாளில் தொகையும் தேதியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகு வங்கியில் கட்டுங்கள். காசோலையில் கையெழுத்திடுபவரே கணக்கும் எழுத வேண்டாம்.

2. சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். எருசலேம் ஆலயக் கருவூலத்தில் காசு எடுக்கப் போகிறவர் மடிப்புள்ள மேலாடையோ செருப்போ அணிந்து போகக் கூடாது என்கிறது மிஷ்னா. அவர் பின்னாளில் பணக்காரரானால், அங்கே ஒளித்து எடுத்த காசு என்று ஊர் பேசுமே! இறைவன் அறிவான் என்பது போதாது. மனிதர் கண்ணுக்கும் கணக்கு சுத்தமாகத் தெரிய வேண்டும்.

3. ஆசிரியர் சம்பளத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கூலியை மறுநாள்வரை நிறுத்திவைப்பதைத் தோரா தடுக்கிறது. நன்கொடை பெரும்பாலும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவை ஒட்டியும் டிசம்பர் கடைசியிலும்தான் வரும். கோடையில் கை வறண்டுவிடும். மூன்று மாதச் சம்பளமாவது கையிருப்பில் இருக்கட்டும். சம்பளத்தில் பிடித்த வரியை எடுத்து வேறு செலவைச் சமாளிக்கவே கூடாது. அதற்குப் பொறுப்பானவர் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட நேரும்.

4. கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கே செலவிடுங்கள். உதவித்தொகைக்கு வந்த பணத்தில் மின்கட்டணம் கட்டாதீர்கள்.

5. கெடுவைத் தவறவிடாதீர்கள். 250 டாலரோ அதற்கு மேலோ தந்தவருக்கு எழுத்தில் ரசீது கொடுங்கள். வரித்துறைக்குத் தரும் ஆண்டுப் படிவத்திலிருந்து ஜெப ஆலயங்களுக்கு விலக்கு உண்டு. தனித்து இயங்கும் கல்வி அமைப்புக்கு அந்த விலக்கு தானாக வந்துவிடாது. ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத அமைப்புக்குப் பொதுவாக 990-என் என்ற சிறு மின்படிவமே போதும். நிதியாண்டு ஜூன் 30இல் முடிந்தால் நவம்பர் 15 கெடு. மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே பறிபோகும்.

6. ஒரே புரவலரை நம்பி ஆண்டை ஓட்டாதீர்கள். அவர் கையை இழுத்துக்கொண்டால் பள்ளியே மூடும். சிறுதொகை தரும் ஐம்பது குடும்பங்களைத் தேடுங்கள்.

7. ஏழைப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊர்தோறும் ஆசிரியர் வைக்க எருசலேம் ஆலயத் தலைமைக் குரு யோசுவா பென் கம்லா ஏற்பாடு செய்ததே தகப்பனில்லாப் பிள்ளைகளும் படிக்கத்தான். கட்டணச் சலுகையை ஆண்டுத் திட்டத்திலேயே செலவாக எழுதிவையுங்கள். யாருக்குச் சலுகை என்பது இருவருக்கு மேல் தெரிய வேண்டாம்.

பாலைவனத்தில் எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த வெள்ளியில் 1,775 சேக்கல் கொக்கிகளுக்குப் போனது வரை யாத்திராகமம் கணக்குச் சொல்கிறது. நீங்களும் யாரும் கேட்குமுன், ஆண்டுதோறும், முழுக் கணக்கையும் பெற்றோர் முன் வையுங்கள்.